ஜெரி கையெழுத்துப் போட்டான், ரயில் போயிடுச்சு



சித்ரா பௌர்ணமி முடிஞ்ச அடுத்த ஞாயிறு, சமய வகுப்புல பிள்ளைங்களுக்கு ஒரு டாம் அண்ட் ஜெரி கார்ட்டூன் போட்டுக் காட்டினோம். அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குழுவுல ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. தேவாரம் சொல்லிக் குடுப்பீங்கன்னுதான் பிள்ளைய அனுப்புறோம், கார்ட்டூன் பார்க்க வீட்லயே டிவி இருக்கே, கோயில் மண்டபத்துல எதுக்குன்னு. அதுக்குக் கீழ நிறைய பேர் கட்டைவிரல் போட்டிருந்தாங்க. குழுவுல ரெண்டு வரி பதில் போட்டா சண்டை போடுற மாதிரி ஆயிடும். அதனால இங்க கொஞ்சம் நீளமாவே எழுதறோம். நேரம் உள்ளவங்க படிங்க.

வகுப்பை நடத்துறது நாங்க மூணு பேர். ஒருத்தர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நம்ம எல்லாருக்கும் அக்கா. இன்னொருத்தர் லோரி ஓட்டுறவர். மூணாவது, தொழிற்சாலையில சூப்பர்வைசர், இதை உட்கார்ந்து டைப் பண்றவர். அக்காதான் பாட்டு, புராணம் எல்லாம். தம்பி புரொஜெக்டர், நாற்காலி, மைக். எங்க பங்கு பிள்ளைங்களை அடங்கி உட்கார வைக்கிறது. முப்பது வருசம் ஷிப்ட்ல ஆள் மேய்ச்சவங்களுக்கே அது கஷ்டமான வேலைதான்.

அன்னிக்குப் பாடம் சித்ரகுப்தர். எமதர்மனுக்குக் கணக்குப்பிள்ளை, கையில எழுத்தாணியும் ஏடும், காஞ்சிபுரத்துல தனிக் கோயிலே இருக்குன்னு அக்கா சொல்லி முடிச்சாங்க. ஒரு பையன் கேட்டான், "கணக்குல மைனஸ் நிறைய வந்துட்டா அழிக்க முடியுமா டீச்சர்?" அக்கா பதில் சொன்னாங்க. ஆனா பையன் முகத்துல தெளிவு வரல. அப்பதான் தம்பி ஒரு படம் இருக்கு, ஏழெட்டு நிமிஷம்தான், போடவான்னு கேட்டார். அந்தப் படத்தோட பேரு 'ஹெவன்லி புஸ்'. 1949ல வந்தது.

டாம் அண்ட் ஜெரி தெரியாதவங்க இல்ல. ஆனா அதுல ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பேரு உண்டு, ஒவ்வொண்ணும் சினிமா கொட்டகையில பெரிய படத்துக்கு முன்னாடி ஓட்டுறதுக்காக எடுத்ததுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா ரெண்டு பேரும் எம்ஜிஎம் கம்பெனிக்காக 1940லிருந்து 1958 வரைக்கும் 114 படம் எடுத்தாங்க. அதுல ஏழு படம் ஆஸ்கார் வாங்கியிருக்கு. இந்தப் படம் வாங்கல. போட்டிக்குக் கூடத் தேர்வாகல. அதே வருசம் தேர்வான டாம் அண்ட் ஜெரி வேற, மரங்கொத்திக் குஞ்சு ஒண்ணு ஜெரியைத் தன் அம்மான்னு நெனச்சுக்கிட்டு பின்னாலயே திரியிற கதை. அதுவும் நல்ல படம்தான், பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனா முடிஞ்சதும் மறந்துடும். இது மறக்காது. பரிசு வாங்கின ஏழுல நாங்க பார்த்தது மூணு நாலு இருக்கும். டாம் கோட்டு போட்டுக்கிட்டு பியானோ வாசிக்கிற படத்தை மட்டும் இதுக்கு மேல வைப்போம். மத்ததை எல்லாம் இதுக்குக் கீழதான் வைப்போம்.

கதையைச் சொல்லிடறோம். டாம் வழக்கம்போல ஜெரியைத் துரத்துது. ஜெரி மாடிப்படி ஏறி ஓடுது. டாம் படியில விரிச்சிருக்கிற கம்பளத்தைக் கீழ இருந்து இழுக்குது. இழுத்த இழுப்புல மேல இருந்த பியானோ சறுக்கிக்கிட்டு இறங்கி வந்து டாமை அப்படியே நசுக்கிடுது. (ஒரு படத்துல பரிசு வாங்கிக் குடுத்த பியானோ, இன்னொரு படத்துல உசிரை எடுக்குது.) டாமோட ஆவி எழுந்திருக்கு. தங்க நிறத்துல ஒரு எஸ்கலேட்டர் மேகத்துக்கு மேல போகுது. அங்க ஒரு ரயில் நிலையம். சொர்க்கத்துக்குப் போற எக்ஸ்பிரஸ் நிக்குது. வாசல்ல ஒரு கதவுக்காரர், வர்ற பூனைங்களோட கணக்கைப் பார்த்து உள்ள விடுறார்.

இது அவங்க ஊர்ச் சொர்க்கம். அவங்க நம்பிக்கைப்படி வாசல்ல ஒரு புனிதர் நின்னு கணக்குப் பார்ப்பார். நம்ம பக்கம் எமபட்டணம், சித்ரகுப்தர். ரெண்டும் ஒண்ணுன்னு நாங்க சொல்ல வரல. ஆனா பிள்ளைங்க சட்டுனு புரிஞ்சுக்கிட்டாங்க. "அங்கிள், சித்ரகுப்தர் டிக்கெட் செக் பண்றார்!"னு ஒரு குட்டிப் பொண்ணு கத்துச்சு. மண்டபமே சிரிச்சது.

டாம் முறை வருது. கதவுக்காரர் கணக்கைப் பார்த்துட்டு, நீ வாழ்நாள் பூரா ஒரு அப்பாவி எலியைக் கொடுமைப்படுத்தினதைத் தவிர ஒண்ணும் பண்ணல, உன்னை ஏத்த முடியாதுன்னு சொல்லிடறார். டாம் கெஞ்சுது. அவர் மனசு இளகி ஒரு தாளைக் குடுக்கிறார். மன்னிப்புப் பத்திரம். ரயில் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள அந்த எலிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தா ஏறிக்கலாம், இல்லன்னா கீழ. கீழ என்ன இருக்குன்னும் காட்டுறார். கொதிக்கிற கொப்பரை, பக்கத்துல பிசாசு. பிசாசுக்கு புல்டாக் முகம், டாமை எப்பவும் அடிச்சு நொறுக்கும் பாருங்க, அந்த மாதிரி. இந்தக் கொப்பரை நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. கருட புராணத்துல கும்பீபாகம் இருக்கு. படிக்காதவங்களும் 'அந்நியன்' படத்துல பார்த்திருப்பாங்க.

இந்தப் படத்தைப் பத்தி பேசறவங்க எல்லாரும் அந்தக் கொப்பரையைத்தான் முதல்ல சொல்லுவாங்க, பயமா இருக்கும்னு. எங்க கணக்குல கொப்பரை இந்தப் படத்துல பெரிய விஷயமே இல்ல. எந்த மதத்துலயும், எந்த ஊர்ப் பாட்டியும் சொல்ற மிரட்டல் அது. பெரிய விஷயம் அந்தத் தாள். கதவுக்காரர் டாமை மன்னிக்கல, கவனிச்சீங்களா? அவருக்கு இரக்கம் இருக்கு, நேரம் குடுக்கிறார், வழி சொல்றார். ஆனா மன்னிக்கிற அதிகாரம் அவர்கிட்ட இல்ல. அது எலிகிட்ட இருக்கு. மேல இருக்கிறவரே, கீழ போய் அடிபட்டவன்கிட்ட கேட்டுட்டு வான்னு அனுப்பறார். ஏழு நிமிஷ கார்ட்டூன்ல இதைச் சொல்லியிருக்காங்க.

கோயில்ல தொண்டு செய்யறவங்களுக்கு இது ஏன் உறைக்குதுன்னா, சனிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு கவுண்டர்ல நாங்கதான் உட்கார்றோம். எள் தீபம், நவக்கிரகத்துக்கு ஒன்பது சுத்து, பரிகாரம். வர்றவங்க மனசு பாரத்தோடதான் வர்றாங்க, அதை நாங்க குறைச்சு மதிப்பிடல. ஆனா சில பேர் சீட்டு வாங்கும்போதே சொல்லுவாங்க, அண்ணன்கூட பேசி ஆறு வருசமாச்சு, காசு விசயம், நாந்தான் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன், சனி பார்வைங்க, அதான் பரிகாரம் பண்ண வந்தேன்னு. அண்ணன் எங்க இருக்கார்னு கேட்டா, ரெண்டு தாமான் தள்ளி. மோட்டார்ல போனா பத்து நிமிஷம். விளக்கு ஏத்துங்க, வேணாம்னு யாரும் சொல்லல. ஆனா அந்தப் பையன் கேட்டான் பாருங்க, மைனஸை அழிக்க முடியுமான்னு, அவனுக்கு இந்தப் படம் சொன்ன பதில் எங்க மூணு பேரால சொல்ல முடிஞ்சதை விட நல்லா இருந்துச்சு. அழிக்கிற ரப்பர் அங்க இல்ல, எலி வளையில இருக்குன்னு சொல்லிடுச்சு.

சரி, டாம் கீழ வருது. முதல்ல என்ன பண்ணுதுன்னா, கேக். நல்ல பெரிய கேக்கா எடுத்து வச்சுக்கிட்டு, இளிச்சுக்கிட்டு, தாளையும் பேனாவையும் நீட்டுது. ஜெரி நம்பல. எப்படி நம்பும்? இத்தனை வருசமா இளிச்சுக்கிட்டு வந்தப்ப எல்லாம் பின்னால சுத்தியல் இருந்துச்சு. பேனா மையை டாம் மூஞ்சியிலயே பீச்சி அடிச்சிடுது. டாமுக்குக் கோபம் ஏறி அடிக்கக் கை ஓங்குது. ஓங்கும்போது கீழ இருந்து பிசாசு, அடி அடின்னு உற்சாகப்படுத்துது. இது ரொம்ப நல்ல இடம். மன்னிப்புக் கேட்க வந்தவன் மன்னிப்புக் கிடைக்கலன்னதும் கோபப்படறான். அந்தக் கோபம்தான் பிசாசுக்கு வேணும்.

நாங்க இதை நேர்ல பார்த்திருக்கோம். பல வருசத்துக்கு முந்தி, வேலை பார்த்த இடத்துல, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின ஒரு இளவட்டம் போன் பார்த்துக்கிட்டே வளைச்சதுல பேக்கிங் பகுதியில நின்ன பெரியவர் ஒருத்தர் கால்ல பேலட் இடிச்சு எலும்பு உடைஞ்சிடுச்சு. வியாழக்கிழமை இன்கொயரி. புதன்கிழமை சாயங்காலம் பையன் ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட வாங்கன்னு கேட்டான். எங்க காடியிலதான் கூட்டிட்டுப் போனோம். கையில ஆப்பிள், திராட்சை, மாதுளை எல்லாம் அடுக்கின பெரிய பழக்கூடை. வார்டுல போய் உட்கார்ந்து, ஐயா எப்படி இருக்கீங்கன்னு கேட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு பைக்குள்ள இருந்து ஒரு தாளை எடுத்தான். எனக்கு அவர் மேல புகார் இல்லன்னு முன்கூட்டியே டைப் பண்ணி, கீழ கையெழுத்துப் போட கோடு. பெரியவர் படிச்சார். மெதுவா, ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் சொன்னார், "பழத்தை வச்சிட்டுப் போ தம்பி. தாளை எடுத்துக்கிட்டுப் போ."

பையன் முகம் எப்படி மாறுச்சுங்கறீங்க. லிப்டு வர்றதுக்குள்ள பெரியவரைத் திட்ட ஆரம்பிச்சிட்டான். மனசாட்சி இல்லாத கிழம், நூறு ரிங்கிட் பழம், அப்படி இப்படின்னு. கார்ட்டூன்ல டாம் கை ஓங்குற இடம் வந்தப்ப எங்களுக்கு அந்த லிப்டுதான் ஞாபகம் வந்துச்சு. டாமுக்கும் சரி, அவனுக்கும் சரி, வேண்டியது தாள். எலி மனசுல என்ன இருக்குன்னு அக்கறை இல்ல. அதை ஒரு வசனம் கூட இல்லாம, ஒரு கேக்கை வச்சே காட்டிட்டாங்க. இந்தப் படத்துல கதவுக்காரரும் பிசாசும்தான் பேசறாங்க, டாமும் ஜெரியும் பேசாது. ஸ்காட் பிராட்லியோட இசைதான் அதுங்களுக்கு வாய். டாம் நடந்து வர்றப்ப கேக்குற இசையிலயே கேக்குக்குப் பின்னால கள்ளத்தனம் இருக்குன்னு தெரிஞ்சிடும்.

அப்புறம் என்ன ஆகுதுன்னா, நேரம் ஓடிக்கிட்டே இருக்கு, டாமுக்கு வேற வழி இல்ல. மண்டி போட்டு, கையால காலால எல்லாத்தையும் நடிச்சுக் காட்டுது. மேல ரயில், கீழ கொப்பரை, நான் அதுல வேகப்போறேன், தயவு பண்ணுன்னு. ஜெரி பார்க்குது. யோசிக்குது. கடைசியில கையெழுத்துப் போடுது. போட்டுடுது! ஆனா ஒரு மணி நேரம் முடிஞ்சிடுச்சு. ரயில் போயிடுச்சு. டாம் காலுக்குக் கீழ கதவு திறக்குது, நேரா கொப்பரை.

இந்த இடத்துல மண்டபத்துல சத்தமே இல்ல. கார்ட்டூன்னா கடைசி நிமிஷத்துல தப்பிச்சிடும்னு பிள்ளைங்க எதிர்பார்த்திருக்கும். எங்களைக் கேட்டா, எடுத்தவங்க காட்டின தைரியம் இதுதான். சுலபமா ஏத்தி விட்டிருக்கலாம். ஏத்தி விட்டிருந்தா, கையெழுத்து வாங்கினா சரியாப் போச்சு, கடைசி நிமிஷம் வரைக்கும் ஆட்டம் போடலாம்னு ஆகியிருக்கும். இங்க கையெழுத்தும் உண்மை, நேரம் போனதும் உண்மை. ஜெரி மன்னிச்சது பொய்யாகிடல. ரயில் மட்டும் நிக்கல.

அந்தப் பையன் கதையும் கேக்குறீங்களா? இன்கொயரி நடந்துச்சு, ரெண்டு வாரம் சம்பளம் இல்லாம வேலை நிறுத்தி வச்சாங்க. அந்த ரெண்டு வாரத்துல என்ன தோணுச்சோ, அவனா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான், தாள் இல்லாம. அதுக்கப்புறம் பெரியவருக்கு செக்கப் இருக்கிற நாளெல்லாம் இவன்தான் காடியில ஏத்திக்கிட்டுப் போனான். ரெண்டு பேரும் பெருசா ஒட்டிக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது. பெரியவர் மறுபடி வேலைக்கு வந்த அன்னிக்கு, எல்லார் முன்னாடியும் இவன்கிட்ட சொன்னது ஒரே வார்த்தை. "மெதுவா ஓட்டு." அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்காதீங்க, எங்களுக்கும் தெரியாது.

படத்துக்கு வருவோம். குறையும் சொல்லணும், இல்லன்னா நாங்க அந்தக் கம்பெனிக்கு ஏஜெண்டுன்னு நினைச்சிடுவீங்க.

முதல் குறை, ஜெரி அப்பாவிங்கிறது. இந்த ஒரு படத்துக்குள்ள சரி. ஆனா மத்த படம் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஜெரி ஒண்ணும் பால் குடிக்கிற பிள்ளை இல்ல. டாம் தூங்கும்போது வாலைச் சீண்டுறது, வாய்க்குள்ள வெடி வைக்கிறது, புல்டாக்கைத் தூண்டிவிட்டு அடி வாங்கித் தர்றது எல்லாம் அதோட வேலை. வகுப்புல ரெண்டு பையன்கள் இதைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. "ஜெரியும்தான் தப்பு பண்ணுது, அதோட கணக்கு எங்க?" நியாயமான கேள்வி. தொழிற்சாலையில ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா ரெண்டு பேர்கிட்டயும் வாக்குமூலம் வாங்குவோம், ஒருத்தன் சொல்றதை வச்சு எழுதிட மாட்டோம். இந்தக் கதவுக்காரர் டாமை ஒரு வார்த்தை கேக்கல. நம்ம சித்ரகுப்தர் இந்த வேலையைப் பண்ணியிருக்க மாட்டார்னு அக்கா சொன்னாங்க, கொஞ்சம் பெருமையாவே. அது சரிதான். ஏட்டுல எல்லார் பக்கமும் உண்டு.

ரெண்டாவது குறை, கனவுன்னு முடிக்கிறது. கொப்பரையில விழுந்த டாம் முழிச்சுப் பார்த்தா வீட்டுல, கணப்பு அடுப்பு முன்னாடி படுத்திருக்கு. அடுப்பிலிருந்து ஒரு நெருப்புத் துண்டு தெறிச்சு சுட்டதுதான் அந்த நரகம். எல்லாம் கனவு! தமிழ்ப் படத்துல இப்படி முடிச்சா நாம எவ்வளவு திட்டுவோம். ஆனா இங்க ஒரு வகையில ஒத்துக்கலாம். நெருப்பு உண்மையா சுட்டிருக்கு, அந்தச் சூட்டைச் சுத்தித்தான் மனசு ஒரு கதை கட்டியிருக்கு. கனவு அப்படித்தான் வரும். அதோட, யாரும் வெளியில இருந்து டாமுக்குத் தீர்ப்பு சொல்லல, அந்தக் கதவுக்காரர், கணக்கு, கொப்பரை எல்லாம் அது மனசுக்குள்ளயே இருந்ததுன்னும் ஆகுது. பாதி மார்க் குடுக்கலாம்.

எழுந்ததும் டாம் நேரா ஜெரிகிட்ட ஓடிப்போய் கட்டிப் பிடிச்சு முத்தமா குடுக்குது. ஜெரிக்கு ஒண்ணும் புரியல. திருந்திடுச்சா? எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. லோரித் தம்பி சொல்றார், திருந்திடுச்சு, முகத்தைப் பாருங்கன்னு. எங்க அபிப்பிராயம், பயந்திருக்கு, அவ்வளவுதான். அடுத்த படத்துல மறுபடி துரத்தத்தான் போகுது. துரத்தலன்னா எம்ஜிஎம் முதலாளிக்கு வியாபாரம் ஏது? ஆனா பயத்துல குடுத்த முத்தமா இருந்தாலும் ஜெரிக்கு அன்னிக்கு அடி விழல. அதையும் கணக்குல எழுதிக்கலாம்னு அக்கா சொன்னாங்க. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல.

இதுக்கு 14 வருசம் முந்தி, 1935ல, டிஸ்னி கம்பெனி இதே மாதிரி ஒரு படம் எடுத்திருக்காங்க. 'புளூட்டோஸ் ஜட்ஜ்மென்ட் டே'. மிக்கி மவுஸோட நாய் புளூட்டோ ஒரு பூனைக்குட்டியைத் துரத்துது. மிக்கி திட்டுது, தீர்ப்பு நாள்ல நீ நிறைய பதில் சொல்ல வேண்டியிருக்கும்னு. நாய் அடுப்பு முன்னாடி தூங்கிப் போய் கனவு காணுது. பூனைங்க நடத்துற கோர்ட்டு. நீதிபதியில இருந்து ஜூரி வரைக்கும் எல்லாம் பூனை. புளூட்டோ குற்றவாளி, நெருப்பு, முழிப்பு, பூனைக்குட்டிகூட சமாதானம். பார்த்தீங்கன்னா அடுப்பு, கனவு, நெருப்பு எல்லாம் ஒரே அச்சு. படம் வரைஞ்ச அழகுல டிஸ்னிதான் ஒரு படி மேல, அந்த கோர்ட்டு குகை மாதிரி இருட்டா, நல்லா மிரட்டுது. ஆனா அங்க நடக்கிறது பழிக்குப் பழி. பாதிக்கப்பட்டவனே தீர்ப்பும் எழுதறான், தண்டனையும் குடுக்கிறான். புளூட்டோ செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, உட்கார்ந்து நடுங்கணும். டாமுக்கு ஒரு மணி நேரம் இருக்கு, போய்ப் பேசி முயற்சி பண்ண ஒரு வேலை இருக்கு. அதனாலதான் நாங்க இதைத் தேர்ந்தெடுத்தோம்.

இப்ப அந்த அம்மா சொன்ன விசயத்துல முக்கியமான பகுதி. குழுவுல போட்டது பாதிதான். தனியா அனுப்பின மெசேஜ்ல, பிள்ளை ராத்திரி தூங்கல, அழுதுச்சுன்னு எழுதியிருந்தாங்க. நாங்க கொப்பரையைப் பார்த்து பயந்துட்டாள்னு நினைச்சோம். விசாரிச்சா அது இல்ல. டாமுக்கு முன்னாடி வரிசையில நிக்கிற பூனைங்கள்ல ஒரு இடம் இருக்கு. ரோடு ரோலர்ல மாட்டி தட்டையா ஆன ஒரு பூனை வரும், எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் தண்ணி சொட்டச் சொட்ட ஒரு சாக்கு வரும். அதுக்குள்ள இருந்து மூணு குட்டிங்க துள்ளிக்கிட்டு வெளிய வந்து உள்ள போகும். கதவுக்காரர் அதுங்களைப் பார்த்து, சில பேர் எதைத்தான் செய்ய மாட்டாங்கன்னு வருத்தமா ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். சில வினாடிதான். பெரியவங்க பாதிப் பேர் கவனிக்கவே மாட்டாங்க.

அந்தப் பிள்ளை கவனிச்சிருக்கு. வகுப்புலயே கேட்டுச்சு, "அங்கிள், குட்டிங்களைச் சாக்குல கட்டினது யாரு?" நாங்க, அது கெட்டவங்க யாரோம்மான்னு சொன்னோம். "அவங்க கணக்கு ஏன் படிக்கல?"

இதுதான் அந்தப் படத்துலயே பெரிய இடம்னு எங்களுக்கு இப்ப தோணுது. பூனை எலியைத் துரத்தினதுக்கு இவ்வளவு பெரிய விசாரணை. மூணு குட்டியைச் சாக்குல கட்டி ஆத்துல போட்டவனுக்கு ஒரு பெருமூச்சோட சரி. ஏன்னா அது பூனைங்களோட சொர்க்கம், மனுசன் கணக்கு அங்க வராது. எடுத்தவங்க வேணும்னே அப்படி வச்சாங்களா, போற போக்குல வச்ச நகைச்சுவையான்னு தெரியாது, ஆனா வச்சிருக்காங்க. சிரிக்கிற படத்துக்கு நடுவுல ஒரு முள்ளை வச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த முள்ளு ஏழு வயசுப் பிள்ளைக்குக் குத்துது, நமக்குக் குத்தல.

பிள்ளை அழுததுக்குக் காரணம் இன்னும் கிட்ட இருந்துச்சு. நம்ம கோயில் பின்வாசல் தெரியுமில்ல, குப்பைத் தொட்டி பக்கம். அங்க மாசத்துக்கு ஒரு தடவையாவது அட்டைப்பெட்டியில பூனைக்குட்டி வந்திடும். காலையில நடை திறக்க வர்றவங்கதான் பார்ப்பாங்க. கோயில்ல விட்டா யாராவது சோறு போடுவாங்கன்னு நினைச்சு விட்டுட்டுப் போறாங்க. ஆத்துல போடல, உண்மைதான். ஆனா கண்ணு திறக்காத குட்டிக்கு புளியோதரையும் சுண்டலும் போட்டா உசிரு தங்குமா? மழை வந்தா பெட்டி ஊறிடும். அந்தப் பிள்ளை சித்திரை மாசத் தொடக்கத்துல அப்படி ஒரு பெட்டியைப் பார்த்திருக்கு. நனைஞ்ச பெட்டி. அந்த ஞாபகத்தோடதான் நனைஞ்ச சாக்கைப் பார்த்திருக்கு.

அம்மாகிட்ட போன்ல பேசிட்டோம். அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. இனிமே படம் போடுறதா இருந்தா முதல் நாளே குழுவுல பேரையும் கதையையும் சொல்லிடுவோம், ஏழு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு அந்த நேரம் கோல வகுப்பு. ஆனா இந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாதுன்னு மட்டும் நாங்க ஒத்துக்க மாட்டோம். புளூட்டோ படத்தையும் பெரிய பிள்ளைங்களுக்குப் போட்டு ரெண்டுல எது நியாயமான கோர்ட்டுன்னு பேச வைக்கலாம்னு அக்கா சொல்றாங்க. ஆனி மாசம் பார்க்கலாம்.

பின்வாசல்ல பாதுகாப்புக் கேமரா போடலாம்னு நிர்வாகத்துல பேச்சு நடக்குது. அதுக்கு முன்னாடி, குட்டிங்களைக் கொண்டு வர்றவங்க இருட்டுல வச்சுட்டு ஓடாம, பகல்ல வந்து எங்ககிட்ட நேர்ல குடுங்க. திட்ட மாட்டோம். பால் பவுடர், துண்டு, பெட்டி எல்லாம் தம்பி வாங்கி வச்சிருக்கார். போன வாரம் வந்த மூணுல ரெண்டுக்கு வீடு கிடைச்சிடுச்சு, ஒண்ணு அந்த அழுத பிள்ளை வீட்லதான் இருக்கு. மிச்சம் இருக்கிற கறுப்புக் குட்டி, ஆண், ரெண்டு மாசம் இருக்கும், மடைப்பள்ளி பக்கம்தான் சுத்திக்கிட்டு இருக்கு. வேணும்கிறவங்க ஞாயிறு காலை வகுப்பு நேரத்துல வந்து கேளுங்க.